எட்டாவது மாடி

டிவியின் மண்டையில் இரண்டு தட்டு தட்டினால்தான் படம் வரும் என்று தெரிந்த வயசுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் கேட்டால் கேட்கட்டும். ஆனால் நடுவில் புகுந்து, "கேம் கேசட்டா, அப்படின்னா என்ன?" என்று மட்டும் கேட்கக் கூடாது. என் மகள் அப்படித்தான் கேட்டாள். அவளுக்கு விளக்கி முடிப்பதற்குள் சொல்ல வந்த விஷயமே எனக்கு ஆறிப்போய்விட்டது.

ஸ்ரீராம்புரத்தில் எங்களுக்கு ஒரே அறை, அதை ஒட்டிச் சமையலுக்கு ஒரு மூலை, பின்னால் குளிக்கிற இடம். அப்பா தண்ணீர் வால்வு திறக்கிறவர். ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். எந்தச் சந்துக்கு எப்போது தண்ணீர் என்பது அவர் கையில் இருந்தது. அதனால் தெருவில் அவருக்கு மரியாதையும் உண்டு, முதுகுக்குப் பின்னால் திட்டும் உண்டு. அம்மா மல்லேஸ்வரத்தில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள்.

அந்த மூன்றில் ஒரு வீட்டிலிருந்துதான் டிவியில் மாட்டி ஆடுகிற அந்த கேம் பெட்டி வந்தது. அவர்கள் பையனுக்குப் புதிதாக ஒன்று வாங்கிவிட்டார்கள். பழையதைத் தூக்கிப் போடப் போனவர்களிடம் அம்மா கேட்டு வாங்கி, ஒயர் கூடையில் கீரைக்கட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள். கேசட் ஒன்றே ஒன்று. அதன்மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் என்ன பாஷை என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் ஜப்பான் என்றான், அப்பா சைனா என்றார். பெயர் தெரியாத ஆட்டத்துக்கு நாங்களே பெயர் வைத்தோம். கையில் லாந்தர் விளக்கோடு ஒருவன் ஒரு கோட்டைக்குள் ஏறிக்கொண்டே போவான். எங்களுக்கு அவன் லாந்தர்க்காரன். மேலே வௌவால்கள் விழும். எண்ணெய் தீர்ந்தால் விளக்கு அணையும், விளக்கு அணைந்தால் ஆள் காலி. மொத்தம் ஏழு மாடி.

எங்கள் வீட்டில் அந்த ஆட்டத்தில் கெட்டிக்காரர் யார் என்று நினைக்கிறீர்கள்? அண்ணன் இல்லை, நானும் இல்லை. அம்மாதான்! சாயங்காலம் வந்து கால் நீட்டி உட்கார்ந்து, சோப்புத் தண்ணீரில் வெடித்த விரல்களால் அந்தப் பொத்தான்களை அமுக்குவாள். வாய் ஓயாது.

"டேய் பாவி, குதிடா! குதின்றேன்ல! அய்யய்யோ, எண்ண எடுக்காம போறானே, இவன என்ன பண்றது!"

அப்பா சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டே, "அவனுக்குத் தமிழ் புரியுமாடி?" என்பார்.

"ஒங்களுக்கே புரியல, அவனுக்கு எங்க புரியப்போவுது," என்பாள் அம்மா, கண்ணை எடுக்காமல்.

ஒருநாள் அம்மா ஏழாவது மாடியைத் தாண்டிவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஏழாவது மாடியின் கடைசிக் கதவு திறந்தது. திரை கறுத்தது. மறுபடி வெளிச்சம் வந்தபோது லாந்தர்க்காரன் முதல் மாடியில், முதல் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தான். அவ்வளவுதான். பாராட்டும் இல்லை, முடிவும் இல்லை.

அம்மா பொத்தான்களிலிருந்து கையை எடுத்தாள். "அப்போ இவன் வீட்டுக்கே போவ மாட்டானா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் கோடைக்கு முன்பே அம்மாவுக்கு வயிற்றுவலி ஆரம்பித்தது. முதலில் கஷாயம், பிறகு மருந்துக்கடை மாத்திரை, பிறகு பெரிய ஆஸ்பத்திரி. வயிற்றில் கட்டி என்றார்கள். அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதி முடித்த வாரம் அம்மாவை வார்டில் சேர்த்தோம். சேருவதற்கு முன்பே அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். வேலை பார்த்த வீட்டம்மா மூலமாகச் சொல்லி, மல்லேஸ்வரத்தில் ஒரு மாடிமேல் நடந்த இரண்டு மாத கம்ப்யூட்டர் கிளாஸில் அண்ணனைச் சேர்த்துவிட்டிருந்தாள். "என்ன மாதிரி பாத்திரம் தேய்க்காம, அப்பா மாதிரி பள்ளத்துல எறங்காம, ஒக்காந்து பாக்குற வேலைக்குப் போ," என்றாள்.

போன இரண்டாவது வாரமே அண்ணன் என்னைச் சமையல் மூலைக்கு இழுத்துப்போனான். "நான் எட்டாவது மாடி செய்யப் போறேன்."

"எந்த எட்டாவது மாடி?"

"லாந்தர்க்காரனோடது. அவன் வீட்டுக்குப் போற மாடி. அம்மா டிஸ்சார்ஜ் ஆனதும் நேரா ஆட்டோல கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போய் ஆட வெக்கணும். அதுக்குள்ள முடிக்கணும், கிளாஸும் அதோட முடியுது. நீ யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. அப்பாகிட்டயும் கூடாது. அம்மாகிட்டயும் கூடாது. அம்மா மேல சத்தியம் பண்ணு."

கொடியில் அம்மாவின் நீலப் புடவை தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் கை வைத்து, "அம்மா மேல சத்தியமா சொல்ல மாட்டேன்," என்றேன். எனக்குப் பத்து வயது. நம் காலத்தில் சத்தியம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். தலைமேல் செய்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்கு ஆகாது. அதில் பத்து வயதுப் பெண்ணுக்குத் துளி சந்தேகமும் கிடையாது.

வேலை இப்படி நடந்தது. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் அண்ணன் முதலில் பென்சிலால் படம் போடுவான். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண். வெறும் இடம் என்றால் பூஜ்யம், சுவர் என்றால் ஒன்று, படிக்கட்டு இரண்டு, எண்ணெய் மூன்று, வௌவால் நான்கு, கதவு ஐந்து, லாந்தர்க்காரன் ஆறு. கம்ப்யூட்டருக்குப் படம் புரியாதாம், எண்தான் புரியுமாம். ஒரு வரிக்குப் பதினாறு கட்டம், ஒரு திரைக்குப் பன்னிரண்டு வரி. ஒரு எண் மாறினாலும் சுவரில் ஓட்டை விழுந்துவிடும். அதனால் நான் சத்தமாக வாசிக்க வேண்டும், அவன் படத்தோடு சரிபார்ப்பான். "ஒண்ணு, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், ரெண்டு..." வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ராகமே வந்துவிட்டது எனக்கு. அம்மா இல்லாத வீட்டில், சாதம் குழைந்தும் வேகாமலும் போன அந்த நாட்களில், எனக்குப் பிடித்த ஒரே சத்தம் அதுதான்.

ஒரு மத்தியானம் என்னைக் கிளாஸுக்குக் கூட்டிப்போனான். சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது அவன் உட்கார்ந்துகொள்ள சார் விட்டிருந்தார். நான் கோட்டையை எதிர்பார்த்துப் போனேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள்தான் இருந்தன. சுவர் என்பது வரிசையாகச் சில கோடுகள். லாந்தர்க்காரன் ஒரே ஒரு எழுத்து.

"இதுவா?" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அண்ணன் ஒரு பொத்தானை அமுக்கினான். அந்த எழுத்து நகர்ந்தது. இன்னொன்றை அமுக்கினான். அது படியில் ஏறியது, 'டிக்' என்று ஒரு சத்தம். ஐயோ, என்ன சொல்வேன்! நான் வாசித்த பூஜ்யத்திலும் ஒன்றிலும் அவன் நடந்துகொண்டிருந்தான். எண்ணெய் எடுத்தான். வௌவாலுக்குக் குனிந்தான். நான் அந்த நாற்காலியிலேயே குதித்தேன்.

சார் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு வந்து எங்கள் பின்னால் நின்றார். கன்னடக்காரர், எங்களிடம் தமிழ் பேசப் பார்ப்பார். "சக்கத்தாகிதே கணோ," பிரமாதம்டா என்று அண்ணன் முதுகில் தட்டினார். "நான் சொல்லிக் குடுத்தது எல்லாம் மார்க் கூட்டுற புரோகிராம். இது யாரு சொல்லிக் குடுத்தது உனக்கு?" அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் காது சிவந்திருந்தது. அவனை யாரும் அதற்கு முன் அப்படிப் பாராட்டி நான் பார்த்ததில்லை, அதற்குப் பின்னும் பார்க்கவில்லை.

எட்டாவது மாடிக்கு ஒன்பது திரை. எட்டு திரையை ஏற்றிவிட்டான். ஒன்பதாவதுதான் வீடு. அதற்கு எங்கள் வீட்டையே போட்டான். ஒரே அறை, சமையல் மூலை, பின்பக்கம் அண்டா அடுப்பு, சந்தைப் பார்த்த கதவு. அந்தத் திரைக்கு மட்டும் புதிதாக ஒரு எண் வைத்தான். ஏழு. அந்த எண் பழைய ஆட்டத்தில் இல்லாத ஆளுக்கு. அறைக்குள்ளே, டிவி இருக்கிற இடத்துக்கு எதிரே, ஒரே ஒரு ஏழு. லாந்தர்க்காரன் அதைத் தொட்டதும் ஆங்கில எழுத்தில் 'வீடு வந்தாச்சு' என்று திரையில் வரவேண்டும். ஏழு யார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியே இருக்கவில்லை. மறந்துவிடக் கூடாது என்று அதைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டான்.

மறுநாள் மத்தியானம் அதை ஏற்ற வேண்டும். காலையில் நோட்டை என்னிடம் கொடுத்து, "இன்னொரு வாட்டி செக் பண்ணி வை, சாப்பிட வரும்போது எடுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுக் கிளாஸுக்குப் போனான். நான் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். அப்பா உள்ளே வந்தது தெரியவில்லை.

இங்கே என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் ஒரே தம்பி. நம்பர்மேல் பணம் கட்டுகிற மட்கா ஆடினார். நம் பக்கத்துச் சந்துகளில் மட்கா என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய நம்பர்களைக் கட்டம் கட்டமாக நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, இன்றைக்கு எந்த நம்பர் விழும் என்று மண்டையை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சித்தப்பாவிடமும் அப்படி ஒரு நோட்டு இருந்தது. வீடு போனது, பெண்டாட்டி தாய்வீடு போனாள், கடைசியில் அவரும் ஊரைவிட்டே போய்விட்டார். எங்கே இருக்கிறார் என்று இன்றுவரை தெரியாது.

அப்பா என் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கினார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாம் கட்டம், எல்லாம் எண். கடைசிப் பக்கத்தில் சிவப்பு வட்டம்.

"என்னது இது?"

நான் சுவரோரம் ஒதுங்கினேன்.

"ஒங்க அண்ணன் எழுத்துதானே? யார்கிட்ட நம்பர் எழுதறான்? கிளாஸுக்குப் போறேன்னு மட்கா கடைக்குப் போறானா?"

கொடியில் நீலப் புடவை ஆடிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன். சொன்னால் அம்மா செத்துப்போய்விடுவாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"கேக்குறேன்ல! இந்த ஏழுல வட்டம் போட்டிருக்கான் பாரு, இதுலதான் கட்டப் போறானா? சொல்லுடி!"

நான் அழுதேன். அழுகையை அவர் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்? நேராகப் பின்பக்கம் போனார். அண்டாவில் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. நோட்டை இரண்டாகக் கிழித்து அடுப்பில் வைத்தார். அது எரிகிறவரைக்கும் குத்துக்காலிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் சாப்பிட வந்தான். அடுப்புக்குள் அட்டையின் ஓரம் மட்டும் மிச்சம் இருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அது கேம்ப்பா," என்றான். 

"நம்பர்ல என்னடா கேமு? ஒங்க சித்தப்பனும் இதத்தான் சொன்னான், சும்மா ஆட்டந்தான் அண்ணான்னு." அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "நாளைலேர்ந்து என்கூட வா. கிளாஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"இன்னும் ரெண்டே நாளுப்பா. கூட வந்து பாருங்களேன், நானே காட்டறேன்."

"பாத்தது போதும்."

அண்ணன் கையை ஓங்குகிற பையன் இல்லை, எதிர்த்துக் கத்துகிற பையனும் இல்லை. மறுநாள் விடிவதற்கு முன் அப்பாவின் பின்னால் அந்த இரும்புச் சாவியைச் சுமந்துகொண்டு போனான். அடுத்த நாளும். கிளாஸ் முடிந்தது. அடுத்த பேட்ச் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று அவனுடைய ஃப்ளாப்பியை அழித்துக் கொடுத்துவிட்டார்கள். அது சாரின் தப்பும் இல்லை. எட்டு திரையும் அதோடு போயின.

நோட்டை எரித்த அன்று காலையில்தான் டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஆபரேஷன் செய்து பிரயோஜனமில்லை என்று சொல்லியிருக்கிறார். இதை எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் அப்பா சொன்னார். எங்களிடம் அன்றைக்கு, "இன்னும் பத்து நாள்ல வந்துடுவா," என்றுதான் சொன்னார். அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்த மனுஷன் கண்ணில் அந்த நோட்டு பட்டது. பெண்டாட்டியும் போய், மகனும் தம்பி வழியில் போகிறான் என்று பயந்திருப்பார். இந்த வயதில் எனக்கு அது புரிகிறது. புரிந்து என்ன, வயிறு எரிவது நிற்கிறதா?

நாலு நாள் கழித்து அப்பா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டீ வாங்கிவர அவர் வெளியே போனதும் அம்மா என்னைக் கட்டில் பக்கம் இழுத்தாள். அவள் கையில் அந்தச் சோப்பு வெடிப்பெல்லாம் ஆறி, மெத்தென்று யாருடைய கையோ மாதிரி இருந்தது.

"அண்ணன் ஏன்டி வர்ல? அப்பாகூட சண்டையா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாவுக்கும் இல்லைக்கும் நடுவில்.

"எட்டாவது மாடி ஒண்ணு இருக்கும்மா, வந்ததும் காட்டறேன்னு சொன்னான். நெஜமாவா?"

எனக்குச் சத்தியம் வைத்துவிட்டு அவனே வாயை விட்டிருக்கிறான்! அவனாலும் அடக்க முடியவில்லை பாருங்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"என்னடி இருக்கு அங்க? அவன் வீட்டுக்குப் போறானா?"

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. போறான்மா, நம்ம வீட்டுக்குத்தான் வர்றான், நீதான் அங்க உக்காந்திருக்க. அவ்வளவு போதும். ஆனால் நான் அந்தச் சத்தியத்தை நினைத்தேன். அம்மா பிழைக்க வேண்டும் என்று அம்மா முன்னாலேயே வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"சரி சரி, சொல்லாத. நானே வந்து பாத்துக்கறேன்."

அதற்கு ஐந்தாம் நாள் அம்மா போய்விட்டாள். என்ன சத்தியம், என்ன மண்ணாங்கட்டி! நான் ஒரு வார்த்தை மீறவில்லையே, பிறகு ஏன் என்று எத்தனை நாள் கேட்டிருப்பேன். நீலப் புடவையைப் போர்த்தி எடுத்துப் போனார்கள். அந்த விளையாட்டுப் பெட்டி அதன்பின் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. யாரும் தேடவில்லை.

அண்ணன் வால்வு வேலையிலிருந்து ஆட்டோவுக்குப் போனான், ஆட்டோவிலிருந்து கம்பெனி கேப். எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் ஆட்களைக் கொண்டுபோய் விடுகிறான். ஒரு கம்பெனியில் கேம்தான் செய்கிறார்களாம். மேம்பாலத்தில் ட்ராஃபிக்கில் நிற்கும்போது பின் சீட்டுப் பிள்ளைகள் எந்தச் சுவரில் ஓட்டை விழுகிறது என்று பேசிக்கொண்டு வருவார்களாம். "கேக்க நல்லா இருக்கும்," என்பான். 

அப்பாவுக்கு அந்த நோட்டுக் கதை ஒரு பெருமை. சொந்தக்காரர் கல்யாணங்களில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொல்வார்: "அன்னிக்கு நான் மட்டும் கொளுத்தலன்னா இவனும் என் தம்பி மாதிரி போயிருப்பான்." அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். ஒருமுறை நான் பொறுக்க முடியாமல் வாயெடுத்தேன். அண்ணன் என் கையைப் பிடித்தான். "விடு. அம்மாவத்தான் காப்பாத்த முடியல, என்னயாவது காப்பாத்திட்டேன்னு நெனச்சிட்டிருக்காரு. அதயும் பிடுங்கணுமா?"

போன மாதம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். என் வீட்டில்தான் இருந்தார். பொழுது போகாமல் நான் மகளின் பழைய கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன நினைத்தேனோ, அந்த ஒன்பதாவது திரையை வாய்க்குள்ளேயே ஒப்பித்துப் பார்த்தேன். பதினாறு கட்டம், பன்னிரண்டு வரி. ஒன்றும் மறக்கவில்லை. இந்த முறை எண் எழுதவில்லை, கட்டங்களைப் பென்சிலால் நிரப்பினேன். சுவர் வந்தது, படி வந்தது, அண்டா அடுப்பு வந்தது, ஏழு இருந்த கட்டத்தில் கால் நீட்டி உட்கார்ந்த ஒரு உருவம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து உட்கார்ந்திருந்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்பா அந்த நோட்டை எடுத்து முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இது நம்ம ஸ்ரீராம்புரத்து வீடுல்ல?" என்றார். "இதோ அடுப்பு. இதோ சந்துப் பக்கம் கதவு." விரல் நகர்ந்து நகர்ந்து அறையின் நடுவில் நின்றது. "இங்க ஒக்காந்திருக்கறது ஒங்கம்மாவா?"

"ஆமாப்பா."

"யாரு போட்டது?"

"அண்ணன்."

அப்பா வெகுநேரம் பார்த்தார். புதுக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அப்படியே விட்டார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அவ இருக்கும்போதே போட்டுக் காட்டியிருக்கக் கூடாதாடா? எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பா."

நான் எழுந்தேவிட்டேன். என்மேல் இப்போது எந்தச் சத்தியமும் இல்லை. அண்ணன் என்னைப் பார்க்கவில்லை.

"ஆமாப்பா," என்றான். "லேட் பண்ணிட்டேன்."

பிறகு அப்பாவின் கையிலிருந்து நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தான். என்னிடம் ரப்பர் கேட்டான்.

"இவன வாசல்லயே நிறுத்திட்டியே," என்றான். "ஒரு கட்டம் உள்ள வரணும்."

வாசலில் நான் போட்டிருந்த லாந்தர்க்காரனை அழித்துவிட்டு, பென்சிலை நக்கி, அடுத்த கட்டத்தை மெதுவாக நிரப்பினான்.